வலிக்கு இயந்திரம் மட்டும் போதுமா?

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உடல்வலி. வலி என்றால் என்னவென்று உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கின் ஒளியில் நிரைக்குச் சென்று, நூற்றுக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாக வெட்டி, பிறகு பாலெடுத்து ஸ்டோருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் உங்களுக்கு முதுகுவலியும் தோள்வலியும் மணிக்கட்டு வலியும் புதியவை அல்ல. ஆயின், அவ்வலியைப் போக்கப் பயன்படும் ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பலரும் பலவாறு பேசிக்கொள்கிறார்கள். “அல்ட்ராசவுண்ட் வைத்தால் வலி பறந்துவிடும்” என்பார் சிலர். “கரண்டு வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை” என்பார் வேறு சிலர். இவற்றுள் எது உண்மை?

இவ்வினாவுக்கு விடை காண்பது வெறும் ஏட்டறிவுக்காக அன்று. வலி நீடித்தால் வேலைநாள் குறையும். வேலைநாள் குறைந்தால் சம்பளம் குறையும். குறைந்த அந்தச் சம்பளத்திலும் ஒரு பகுதியைப் பயன் தராத சிகிச்சைக்குச் செலவிட்டால் குடும்பம் இருமுறை இழப்புக்கு உள்ளாகிறது. எனவே இச்சிகிச்சை எதற்கு உதவும், எதற்கு உதவாது, உதவாதபோது நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றைத் தெளிவாக அறிந்துகொள்வோம்.

காதுக்கு எட்டாத ஒலி

கோயில் மணியை அடித்தவுடன் அதன்மேல் விரலை வைத்துப் பாருங்கள். மணி அதிர்வதை விரல் உணரும். அந்த அதிர்வுதான் காற்றின் வழியே நம் காதுக்கு ஒலியாக வந்து சேர்கிறது. ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 20,000 முறைக்கு மேல் ஒரு பொருள் அதிருமாயின், அவ்வொலி மனிதர் காதுக்குக் கேளாது. அதனையே மீயொலி என்கிறோம். இரவில் பறக்கும் வௌவால் இத்தகைய ஒலியை எழுப்பி, அது பொருள்களில் பட்டு எதிரொலிப்பதைக் கேட்டே தன் வழியை அறிந்துகொள்கிறது.

1880ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பியேர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர்கள், சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். பின்னர், அத்தகைய படிகத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது அதிரும் என்பதும் தெளிவாயிற்று. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க இந்த அதிர்வைப் பயன்படுத்த முயன்ற பால் லாஞ்சவின் என்னும் அறிவியலாளர், மீயொலி பாய்ந்த நீரில் இருந்த மீன்கள் இறந்ததையும், அந்நீரில் கையை வைத்தால் வலி உண்டாவதையும் கண்டார். உயிருள்ள உடலை இவ்வொலி தாக்கவல்லது என்பது அப்போது புலனாயிற்று. தாக்கவல்ல ஆற்றலை அளவோடு பயன்படுத்தினால் நன்மை விளையுமா என்று மருத்துவர்கள் ஆராயத் தொடங்கினர். 1930களின் இறுதியில் ஜெர்மனியில் ரைமார் போல்மான் என்பவர் இதனை வலிச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். அதன்பின் இம்முறை உலகின் பல நாடுகளிலும் பரவிற்று.

இவ்விடத்தில் இரண்டு ஐயங்களைக் களைந்துவிடுவோம். முதலாவது, இது உடலில் மின்சாரம் பாய்ச்சும் சிகிச்சை அன்று. மின்சாரம் இயந்திரத்தின் தலைப்பகுதியில் உள்ள படிகத்தை அதிரச் செய்கிறது. நம் உடலுக்குள் செல்வது அதிர்வு மட்டுமே. தோலில் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சை வேறு. இரண்டாவது, கருவுற்ற தாய்மாருக்குக் குழந்தையைத் திரையில் காட்டும் ஸ்கேன் இயந்திரமும் மீயொலியில்தான் இயங்குகிறது. ஆனால் அதன் பணி படம் காட்டுவது. நாம் பேசும் இயந்திரத்தின் பணி தசைக்குள்ளும் தசைநாருக்குள்ளும் அதிர்வையும் வெப்பத்தையும் செலுத்துவது. ஒன்றன் பெயர் மற்றதற்கும் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது?

இச்சிகிச்சையை அளிப்பவர் இயன்முறை மருத்துவர். பிசியோதெரபிஸ்ட் என்று மக்கள் வழக்கில் அழைக்கப்படுபவர் அவரே. வலியுள்ள இடத்தில் முதலில் களிம்பு போன்ற ஒரு பசையைத் தடவுவார். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று இருந்தால் மீயொலி உள்ளே செல்லாமல் திரும்பிவிடும். அதனைத் தடுக்கவே அந்தப் பசை. பின்னர், கைக்கு அடக்கமான கருவியின் தலைப்பகுதியைத் தோலின்மேல் வைத்து மெதுவாக வட்டமிட்டுத் தேய்ப்பார். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடங்களில் ஒருமுறைச் சிகிச்சை முடிந்துவிடும்.

வினாடிக்கு 10 இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி சில சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செல்லும். 30 இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி தோலுக்கு அண்மையிலேயே அடங்கிவிடும். ஆகவே இடத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்ப இயன்முறை மருத்துவர் அளவை அமைக்கிறார். கருவியை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் அவ்விடம் சூடேறிப் புண்படக்கூடும். அதனால்தான் அதனை நகர்த்திக்கொண்டே இருக்கிறார். சிகிச்சையின்போது நமக்கு இளஞ்சூடு தோன்றலாம், ஒன்றுமே தோன்றாமலும் போகலாம். குத்தலோ எரிச்சலோ தோன்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருத்தல் கூடாது. உடனே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் மறவாமல் சொல்ல வேண்டும். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. ஆகவே அவர்கள் தம் நோயை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கருவுற்ற பெண்களின் வயிற்றிலும் இடுப்பிலும், புற்றுநோய் உள்ள இடத்திலும், கண்ணிலும், இரத்தக் கட்டி அடைத்துள்ள காலிலும், சீழ்பிடித்த புண்ணிலும், இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்ட மார்பிலும் இதனை வைத்தல் ஆகாது. இவற்றுள் ஏதேனும் உண்டா என்று கேளாமலேயே கருவியை வைக்க முற்படும் இடத்தில் சற்றுத் தயங்கி நிற்பதே அறிவுடைமை.

ஆராய்ச்சி கூறும் தீர்ப்பு

இனி, முதன்மையான வினாவுக்கு வருவோம். இச்சிகிச்சை உண்மையிலேயே குணமளிக்கிறதா?

இதனை எவ்வாறு சோதிப்பது? நம் ரப்பர் உலகிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 1925இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்குச் சுங்கை பூலோவில் பரிசோதனைத் தோட்டம் இருந்ததை உங்களுள் மூத்தோர் அறிவர். பால் பெருகுவதற்கான மருந்து ஒன்றைச் சோதிக்க வேண்டுமாயின், சில நிரைகளில் மருந்தைப் பூசி, அதே வயதுடைய வேறு சில நிரைகளைப் பூசாமல் விட்டு, இரண்டின் பாலையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். பூசிய மரத்தை மட்டும் பார்த்துவிட்டு “பால் கூடிற்று” என்றால் அது முடிவாகாது; மழையாலோ பருவத்தாலோ கூடியிருக்கலாம் அன்றோ?

மனித உடலும் அவ்வாறே. சுளுக்கும் பிடிப்பும் பல வேளைகளில் நாளடைவில் தாமாகவே குறைகின்றன. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இயந்திரத்தை இயக்கியும், மறு பிரிவினருக்கு இயக்காமல் வெறுமனே தேய்த்தும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். எவருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது.

இத்தகைய 35 ஆராய்ச்சிகளைத் திரட்டி ஆராய்ந்த ஒரு மதிப்பீடு 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவற்றுள் ஏற்கத்தக்க முறையில் நடத்தப்பட்டவை 10 மட்டுமே. அந்தப் பத்தில் 2 ஆராய்ச்சிகள், இயக்கிய கருவி இயக்காத கருவியைவிடப் பயனளித்தது என்றன. 8 ஆராய்ச்சிகள் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றன. பயன் கண்ட இரண்டுள் ஒன்று, மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போகும் நோய் பற்றியது. மற்றொன்று, தோளின் தசைநாரில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து வலி தரும் நோய் பற்றியது.

தோள் பற்றிய அந்த ஆராய்ச்சி ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் நடத்தப்பட்டு 1999இல் வெளியாயிற்று. நோயாளிகள் ஆறு வாரங்களில் 24 முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் சிகிச்சை பெற்றனர். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, இயக்கிய கருவியால் சிகிச்சை பெற்ற தோள்களில் நூற்றுக்கு 42இல் சுண்ணாம்புப் படிவு மறைந்திருந்தது. இயக்காத கருவி வைக்கப்பட்ட தோள்களில் நூற்றுக்கு 8இல் மட்டுமே மறைந்திருந்தது. வலியும் ஆறு வார முடிவில் முதற் பிரிவினருக்கே மிகுதியாகக் குறைந்திருந்தது. ஆயினும் ஒன்பதாம் மாதத்தில் வலியளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

முதுகுவலியின் நிலை என்ன? உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டியை வெளியிட்டது. குறிப்பிட்ட காரணம் காணப்படாத அவ்வலிக்கு மீயொலிச் சிகிச்சையை வழக்கமாக அளிக்க வேண்டியதில்லை என்று அது அறிவுறுத்துகிறது. இடுப்புப் பட்டையையும் அது பரிந்துரைக்கவில்லை. மாறாக, உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய விளக்கத்தையும், தேர்ந்தவர் கைகளால் செய்யும் சில சிகிச்சைகளையும் பரிந்துரைக்கிறது. கணுக்கால் சுளுக்கிலும் மீயொலி பெரும்பயன் அளிப்பதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை.

இவற்றால் நாம் பெறும் முடிவு இதுவே: இயந்திரம் மோசடியும் அன்று, மந்திரமும் அன்று. சிற்சில நோய்களுக்குத் துணையாக உதவலாம். ஆனால் பால்மரத் தொழிலாளரைப் பெரிதும் வாட்டும் முதுகுவலிக்கும் சுளுக்குக்கும் அதனையே நம்பியிருத்தல் தகாது.

குணமளிப்பது எது?

“அப்படியானால் இயன்முறை மருத்துவரிடம் போவதே வீணா?” என்று நீங்கள் கேட்கலாம். வீண் அன்று. அவரிடம் உள்ள சிறந்த மருந்து இயந்திரத்தில் இல்லை; அவர் கற்றுத்தரும் பயிற்சியில் இருக்கிறது. இதனை உணராதவர்கள், கருவியை வைக்கும் வரை படுத்திருந்துவிட்டு, பயிற்சித் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். உண்மையில் அந்தத் தாளே சிகிச்சையின் உயிர்.

காட்டு மேட்டில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டவரை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலை ஊன்றி நான்கு அடிகூட எடுத்துவைக்க இயலவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின்மேல் அழுத்தும்போது வலி துடித்தாலோ, எலும்பு முறிந்திருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். முறிவில்லை என்று தெரிந்தால், முதல் இரண்டு மூன்று நாட்கள் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை அவ்வப்போது வைத்து, துணிக்கட்டுப் போட்டுக்கொள்ளலாம். அதன்பின் பாதத்தை மெல்ல மெல்ல அசைக்கவும், பிறகு ஒற்றைக்காலில் நிற்கவும் பழக வேண்டும். இப்பழக்கத்தை விட்டவர்களுக்கே அதே கால் மீண்டும் மீண்டும் சுளுக்குகிறது.

முதுகு பிடித்துக்கொண்டவர் பல நாட்கள் படுக்கையில் கிடத்தல் நன்றன்று. தாங்கக்கூடிய அளவுக்கு நடமாடுவதே விரைவில் குணமளிக்கும். ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் தடை ஏற்பட்டாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம். அதனை வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் கட்டுப் பலருக்கு உதவுகிறது.

வேலைமுறையிலும் கருத்துச் செலுத்துவோம். மழுங்கிய கத்திக்கு மிகுந்த விசை வேண்டும்; அவ்விசையின் சுமை மணிக்கட்டின்மேலும் தோளின்மேலும் விழுகிறது. கத்தியைத் தீட்டிவைத்தல் மரத்துக்கு மட்டுமன்றி, கைக்கும் நன்மை. பால் வாளியைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். நிறைந்த ஒரு வாளியை ஒரே கையில் சுமப்பதைவிட, இரண்டு கைக்கும் பகிர்ந்து சுமப்பது மேல்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பார்வையற்றோர் நடத்தும் உடல்பிடிப்பு நிலையங்களை நீங்கள் கண்டிருக்கலாம். 1951இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அவ்வட்டாரத்திலேயே இயங்குகிறது. பார்வையற்றோர் பலர் உடல்பிடிப்புத் தொழிலைக் கற்று, பிறர் கையை எதிர்பாராமல் வாழ்கின்றனர். தசைப்பிடிப்புக்கு அவர்களின் கைத்திறன் சுகமளிக்கும். ஆனால் விழுந்து அடிபட்டுப் புதிதாக வீங்கிய இடத்தை, முறிவு இல்லை என்று உறுதியாகுமுன் எவரிடமும் பிடித்துவிடச் சொல்லலாகாது. வீட்டிலே எண்ணெய் தேய்த்து உருவுவதற்கும் இது பொருந்தும்.

எங்கே செல்வது? எவ்வாறு பெறுவது?

முதற்படி, தோட்டத்து மருந்தகத்திலோ அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ மருத்துவரைக் காண்பது. இயன்முறை மருத்துவம் தேவை என்று அவர் கருதினால் கடிதம் தருவார். கிள்ளான் வட்டாரத்தினருக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும், தலைநகர் வட்டாரத்தினருக்குக் கோலாலம்பூர் மருத்துவமனையும் உள்ளன. செராசில் மறுவாழ்வுக்கென்றே தனி அரசாங்க மருத்துவமனையும் உண்டு. தனியார் நிலையத்துக்குச் செல்வோர், சிகிச்சை அளிப்பவர் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்டறிய வேண்டும். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவு அன்று, உங்கள் உரிமை.

வேலையின்போது காயமுற்றவர்களுக்கு மற்றொரு கதவும் திறந்திருக்கிறது. சொக்சோ என்றும் பெர்கெசோ என்றும் வழங்கப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1971இல் நிறுவப்பட்டது. வேலையிடத்தில் நேரும் விபத்துக்கும், வீட்டிலிருந்து வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்துக்கும், சட்டத்தின் அட்டவணையில் கண்ட தொழில்வழி நோய்களுக்கும் அது பாதுகாப்பு அளிக்கிறது. மருத்துவச் செலவு, இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட மறுவாழ்வு வசதி ஆகியன அதில் அடங்கும். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாட்களுக்கு மருத்துவ விடுப்புப் பெற்றவருக்கு, கணக்கிடப்பட்ட நாட்சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு தற்காலிக இயலாமைத் தொகையாகக் கிடைக்கும். மலாக்காவில் அந்நிறுவனத்தின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்கி வருகிறது. காயமுற்றவரை மீண்டும் வேலைக்குத் தகுதியாக்குவதே அதன் நோக்கம்.

ஆனால் இந்தக் கதவைத் திறக்கும் சாவி உங்கள் கையில்தான் இருக்கிறது. வழுக்கி விழுந்தவுடன், “சிறு வலிதானே, நாளைக்குச் சரியாகிவிடும்” என்று எவரிடமும் சொல்லாமல் வீடு திரும்புபவர் பலர். மூன்று மாதம் கழித்து வலி முற்றிய பின் “நிரையில் விழுந்தேன்” என்றால், அதனை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? ஆகவே அன்றே மண்டோரிடமும் அலுவலகத்திலும் தெரிவியுங்கள்; எழுத்தில் பதிவாகும்படி செய்யுங்கள். கண்டவர் பெயரைக் குறித்துவையுங்கள். மருத்துவரிடம் “வேலையின்போது நேர்ந்தது” என்று தெளிவாகக் கூறுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. தடை ஏற்பட்டால் சொக்சோ அலுவலகத்தையோ உங்கள் தொழிற்சங்கப் பொறுப்பாளரையோ நாடுங்கள். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலைக்காயப் பாதுகாப்பு உண்டு. உங்களோடு பணிபுரியும் அவர்களுக்கும் இதனைத் தெரிவித்தல் நற்செயலாகும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

சிகிச்சைக்குச் செல்லும்போது நான்கு கேள்விகளை மனத்தில் கொண்டு செல்லுங்கள். என் வலிக்குக் காரணம் என்ன? இந்த இயந்திரம் என் நோய்க்கு என்ன பயன் தரும்? வீட்டில் நான் செய்ய வேண்டிய பயிற்சி யாது? எத்தனை முறைக்குப் பின் முன்னேற்றம் இல்லையெனில் வேறு வழி பார்க்க வேண்டும்? நல்ல மருத்துவர் இவற்றுக்கு முகஞ்சுளிக்காமல் விடை தருவார். மொழி தடையாக இருந்தால், படித்த மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். பயிற்சியைச் செய்து காட்டச் சொல்லி, நீங்களும் அவர் முன்னிலையிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். கண்ணால் கண்டதைவிடக் கையால் செய்தது மனத்தில் நிலைக்கும்.

பெருமக்களே! சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பது நம் முன்னோர் மொழி. உங்கள் தோளும் முதுகும் மணிக்கட்டுமே உங்கள் குடும்பம் நிற்கும் சுவர். இயந்திரம் உதவும் இடத்தில் அதனை ஏற்றுக்கொள்வோம். உதவாத இடத்தில் அதற்காகப் பணத்தையும் காலத்தையும் இழக்காதிருப்போம். காயம் நேர்ந்த அன்றே தெரிவிப்போம். கற்ற பயிற்சியை நாள்தோறும் செய்வோம். சட்டம் தந்த உரிமையைக் கேட்டுப் பெறுவோம்.